ரேடியோ பட்டன அமுக்குனா நாக்கு ஒட்டிக்குது... ஆர்டி (ரேடியோ பேச்சு) எப்படிப் பழகுனீங்க?

ரன்வே27:
வணக்கம் மக்களே. சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) பண்ணிட்டு இருக்கேன், இன்னும் சோலோ (தனியா ஓட்டறது) போகல. ஃப்ளையிங் பரவால்ல, லேண்டிங்கும் ஓரளவு பிடிபட்டுருச்சுன்னு இன்ஸ்ட்ரக்டர் சொல்றார், ஆனா ரேடியோதான் பெரிய தலைவலி. ஹாஸ்டல் ரூம்ல உக்காந்து சொல்லிப் பாத்தா கடகடன்னு வருது, மேல போய் பீடிடி பட்டன (பேசறதுக்கு அமுக்கற பட்டன்) அமுக்குனதும் கால்சைன் (விமானத்தோட ரேடியோ பேர்) தவிர எதுவும் ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. அதவிட மோசம் டவர் சொல்ற பதில். ஒரே மூச்சுல ரன்வே, விண்ட், க்யூஎன்எச் (ஆல்டிமீட்டர்ல வைக்கற காத்தழுத்தம்), எங்க ரிப்போர்ட் பண்ணனும்னு எல்லாத்தையும் கொட்டிட்டுப் போயிடறாங்க, பாதிதான் காதுல விழுது. ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், அதனாலதான் இப்படியா? ஆர்டிஆர் எக்ஸாம் (ரேடியோ பேசறதுக்கான பரிட்சை) வேற இருக்கு, சீனியர்ஸ் ஒரு பிடிஎஃப் குடுத்து அப்படியே மனப்பாடம் பண்ணுங்கறாங்க. நீங்கல்லாம் எப்படிப் பழகுனீங்க?

கும்மோணம்_டிகிரி:
நான் பைலட் இல்ல, ராத்திரி தூக்கம் வராம யூட்யூப்ல ஏடிசி (ஏர் ட்ராஃபிக் கன்ட்ரோல்) ஆடியோ கேக்கற கேஸு. எனக்கும் ஒரு மண்ணும் புரியறதில்ல. துண்டு போட்டு இடம் பிடிச்சுட்டேன், பெரியவங்க வந்து சொல்லுங்க.

ஏடிஆர்_அண்ணன்:
தம்பி முதல்ல அந்த தமிழ் மீடியம் கவலைய ஓரமா வைங்க. கான்வென்ட்ல படிச்ச பசங்களே பட்டன அமுக்கிட்டு ஙேன்னு முழிக்கறத நிறைய பாத்திருக்கேன். ஐகாவோ (உலக சிவில் விமான அமைப்பு) இங்கிலீஷ்ல கேக்கறது லெவல் 4 தான், அந்த லெவல் 4 விளக்கத்துலயே உச்சரிப்புல தாய்மொழி சாயல் இருக்கலாம், எப்பவாவதுதான் புரியறதுக்கு இடைஞ்சலா இருக்கணும், அவ்வளவுதான்னு போட்டிருக்கான். நம்ம சாயல் நம்மகிட்டயே இருக்கட்டும். நடுவுல அமெரிக்கா ஸ்டைல்ல நாக்க சுழட்டறேன்னு ஆரம்பிக்காம இருந்தா சரி.

உங்க பிரச்சன பேசறதுல இல்ல, கேக்கறதுல. டவர் என்ன சொல்லப்போறாங்கன்னு எந்த எதிர்பார்ப்பும் இல்லாம காத வெறுமனே திறந்து வச்சிருக்கீங்க, அதான் எல்லாம் ஒரே இரைச்சலா வருது. பந்தில உக்காந்தா அடுத்து என்ன வரும்னு தெரியுமில்ல, சாம்பாருக்கு அப்புறம் ரசம், சாம்பாருக்கு முன்னாடி யாரும் மோர் வாளியத் தூக்கிட்டு வரமாட்டாங்க, ரேடியோவும் அதேதான். சர்க்யூட்ல (ரன்வேய சுத்தி வர்ற பாதை) டவுன்விண்ட் (ரன்வேக்கு இணையா, இறங்கற திசைக்கு எதிர்ப்பக்கமா போறது) கால் குடுக்கறீங்கன்னு வைங்க. டவர் என்னதான் சொல்ல முடியும்? "ரிப்போர்ட் ஃபைனல்" சொல்லலாம், முன்னாடி ஒரு விமானம் இருந்தா "நம்பர் டூ, ஃபாலோ செஸ்னா ஆன் ஃபைனல்" சொல்லலாம், இடைவெளி பத்தலன்னா "எக்ஸ்டெண்ட் டவுன்விண்ட்", இல்ல ஒரு "ஆர்பிட்", அதாவது அங்கயே ஒரு வட்டம். இந்த நாலுக்கு வெளிய எப்பவாவதுதான் ஏதாச்சும் வரும். அப்ப பட்டன அமுக்கறதுக்கு முன்னாடியே இந்த நாலுல எது வரும்னு ஒரு யூகம் மனசுல இருக்கணும், முன்னாடி போறவன்கிட்ட டவர் பேசறதையும் கேட்டுட்டே வந்தீங்கன்னா அந்த யூகம் முக்காவாசி சரியாவே இருக்கும்.

டாக்ஸிக்கு கூப்புடறதுக்கு முன்னாடி நீபோர்டுல (தொடைல கட்டிக்கற எழுதற அட்டை) ரன்வே, ஹோல்டிங் பாயிண்ட் (ரன்வேக்கு முன்னாடி நிக்கற இடம்), க்யூஎன்எச், ஸ்குவாக் (ட்ரான்ஸ்பாண்டர் கோட்) எல்லாத்துக்கும் வெறும் கட்டம் போட்டு வச்சிருங்க. டவர் பேசப் பேச கட்டத்துல நம்பர மட்டும் ரொப்புங்க. முழு வாக்கியமா எழுத உக்காந்தீங்க, தொலைஞ்சீங்க. அப்புறம் முதல் கால்ல எப்பவும் ஒரே வரிசை: யாரக் கூப்புடறோம், நாம யாரு, எங்க இருக்கோம், என்ன வேணும். அந்த நாலும் மனசுல ஓடி முடிஞ்சப்புறம்தான் விரல் பட்டனுக்குப் போகணும், போனதும் அர செகண்ட் விட்டுப் பேசுங்க, இல்லன்னா கால்சைன்ல முதல் எழுத்து அறுபட்டுப் போயிடும்.

ஸ்பின்_ரிக்கவரி:
அண்ணன் சொல்றது ஏர்லைன்ல பறக்கறவங்களுக்கு சரி. பையன் எக்ஸாம் பாஸ் ஆகணுமே? ஆர்டிஆர் இல்லாம எஃப்ஆர்டிஓஎல் (விமானத்துல ரேடியோ பேசற லைசென்ஸ்) கிடையாது, அது இல்லாம சிபிஎல் கிடையாது. 200 மணி நேரம் பறந்து முடிச்சுட்டு இந்த ஒரு பேப்பருக்காக வீட்ல உக்காந்திருக்கறவங்க எனக்குத் தெரிஞ்சே இருக்காங்க. மனப்பாடம் பண்ணு தம்பி, முதல்ல பாஸ் ஆகு, புரிஞ்சுக்கறதெல்லாம் அப்புறம். மேடே கால் (உயிராபத்து), பான் பான் கால் (அவசரம்), பொசிஷன் ரிப்போர்ட், இதெல்லாம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரணும்.

ஏடிஆர்_அண்ணன்:
மேடே மனப்பாடம் இருக்கணும், அதுல சண்டையே இல்ல. ஆனா அந்த பிடிஎஃப்ல இருக்கறது பழைய பரிட்சைக்குக் கிளிப்பிள்ளையாத் தயார் பண்ண டயலாக். அதுல டவர் எப்பவும் சொன்னத சொல்லும், நிஜத்துல சொல்லாது. இன்னொண்ணு, ஆர்டிஆர்-அ இவ்வளவு நாள் டெலிகாம் துறைல இருக்கற டபிள்யூபிசி நடத்திட்டு இருந்தாங்க, பாரதீய வாயுயான் அதினியம்ங்கற புது விமானச் சட்டம் 2025 ஜனவரி 1ல அமலுக்கு வந்தப்புறம் அது டிஜிசிஏ (நம்ம விமானத்துறை ஒழுங்குமுறை அமைப்பு) கைக்கு வந்துருச்சு. அதனால சீனியர் குடுத்த நோட்ஸ அப்படியே நம்பாம டிஜிசிஏ சைட்ல இப்ப இருக்கற சிலபஸ நேரா எடுத்துப் பாருங்க.

டல்லாஸ்_தமிழன்:
இங்க டெக்ஸாஸ்ல வேலைக்கு நடுவுல வீக்கெண்ட்ல பிரைவேட் பைலட் பண்ணிட்டு இருக்கேன், டென்டன்ல. டவர் இருக்கற ஏர்போர்ட், ட்ரெய்னிங் ட்ராஃபிக் எக்கச்சக்கம், கன்ட்ரோலர் பேசற ஸ்பீடுக்கு நம்ம ஊர் ஏலக் கடைக்காரரே தோத்துடுவார். எனக்கு கைகுடுத்தது லைவ்ஏடிசி டாட் நெட். ஊர் பேர் தெரியாத பெரிய ஏர்போர்ட்ட கேக்காதீங்க, அதுல ஒரு புண்ணியமும் இல்ல, நீங்க பறக்கற ஏர்போர்ட் இருந்தா அத மட்டும் கேளுங்க. ஒரே ஒரு விமானத்த பிடிச்சுக்கிட்டு அது டாக்ஸில இருந்து லேண்ட் ஆகி பார்க் பண்ற வரைக்கும் ஃபாலோ பண்ணுங்க, டவர் பேசி முடிச்சதும் பாஸ் பண்ணிட்டு நீங்க ரீட்பேக் (கேட்டத அப்படியே திருப்பிச் சொல்றது) சொல்லுங்க, அப்புறம் அந்த பைலட் என்ன சொன்னான்னு பாருங்க.

அப்புறம் அமெரிக்க ஆடியோவையே கேட்டுட்டு இந்தியால போய் பேசாதீங்க, நிறைய வித்தியாசம் இருக்கு. இங்க "பாயிண்ட்", அங்க "டெசிமல்". இங்க ஆல்டிமீட்டர் இஞ்ச் கணக்கு, டூ நைனர் நைனர் டூ, அங்க ஹெக்டோபாஸ்கல். முன்னாடி ரெண்டு பேர் இருக்கும்போதே இங்க "நம்பர் த்ரீ, க்ளியர்ட் டு லேண்ட்"னு குடுத்துடுவாங்க, ஐகாவோ முறைல பழகுனவங்களுக்கு அதக் கேட்டா நெஞ்சு வலி வரும். "லைன் அப் அண்ட் வெய்ட்" கூட இங்க 2010 செப்டம்பர் கடைசிலதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி "பொசிஷன் அண்ட் ஹோல்ட்"னு சொல்லிட்டிருந்தாங்க.

டவர் இல்லாத ஏர்போர்ட்ல யாரும் பதில் சொல்லமாட்டாங்க, நாமளே காத்துல அறிவிச்சுட்டுப் போகணும், ஊர் பேர முன்னாடியும் பின்னாடியும் சேத்து. அங்க சில பேர் "எனி ட்ராஃபிக் இன் த ஏரியா ப்ளீஸ் அட்வைஸ்"னு ஒண்ணு போடுவாங்க பாருங்க, எஃப்ஏஏ (அமெரிக்க விமானத்துறை) மேனுவல்லயே அத சொல்லாதீங்கன்னு எழுதியிருக்கு, ஆனாலும் வாரா வாரம் கேக்கறேன் :)

முக்கியமான டிப்: முதல் கால்ல கடைசியா "ஸ்டூடண்ட் பைலட்"னு சேத்துக்கோங்க. கன்ட்ரோலர் ஸ்பீட குறைச்சுடுவார்.

ரன்வே27:
கட்டம் போடற ஐடியா சூப்பர் அண்ணா, இன்னைக்கே போட்டுடறேன். டல்லாஸ் ப்ரோ, ஸ்டூடண்ட் பைலட்னு ரேடியோல சொன்னா கேவலமா இருக்காதா? ஃப்ரீக்வன்சில எல்லாரும் கேப்பாங்களே. எங்க பேட்ச்ல ஒருத்தன் "சே அகெய்ன்" கேட்டதுக்கே ஒரு வாரம் ஓட்டுனாங்க.

டவர்_தாத்தா:
தம்பி, நான் டவர்ல உக்காந்து ரிட்டயர் ஆனவன். அந்தப் பக்கத்துல இருந்து எப்படித் தெரியும்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

சே அகெய்ன் கேட்ட பையன டவர்ல யாரும் கிண்டல் பண்ணமாட்டோம். எங்களுக்கு வயித்தக் கலக்கறது வேற ஒருத்தன். க்ளியரன்ஸ் குடுத்தா "ராஜர்"னு மட்டும் சொல்லிட்டு அமைதியாயிடறவன். ராஜர்னா நீங்க சொன்னது முழுசா காதுல விழுந்துச்சுங்கறது மட்டும்தான், என்ன விழுந்துச்சுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? ரீட்பேக் வச்சிருக்கறதே நாங்க திருப்பிக் கேட்டு சரி பாக்கத்தான். ரன்வே சம்பந்தப்பட்ட எதுவா இருந்தாலும், நுழையறது, குறுக்க போறது, ஹோல்ட் பண்றது, டேக் ஆஃப், லேண்டிங், பேக்ட்ராக் (ரன்வேலயே எதிர்த்திசைல டாக்ஸி பண்றது), அப்புறம் க்யூஎன்எச், ஸ்குவாக், லெவல், ஹெட்டிங், ஸ்பீட், இதெல்லாம் திருப்பிச் சொல்லியே ஆகணும். விண்ட திருப்பிச் சொல்லத் தேவையே இல்ல. புதுசா வர்ற பசங்க விண்ட அழகா ஒப்பிச்சுட்டு க்யூஎன்எச்ச விட்டுடுவாங்க, அதான் உங்களுக்குப் பாதி பாரம். விண்ட காதுல வாங்குங்க, விமானத்த அதுக்கேத்த மாதிரி பிடிங்க, வாயில வாங்காதீங்க.

1977 மார்ச் 27, ஸ்பெயினோட டெனரிஃப் தீவு. ரெண்டு ஜம்போ, மூடுபனி, ஒரே ரன்வே. கேஎல்எம் விமானத்துக்கு ஏடிசி குடுத்தது ரூட் க்ளியரன்ஸ்தான், ஆனா அந்த வாக்கியத்துல "டேக் ஆஃப்"ங்கற வார்த்தை இருந்துச்சு. ரீட்பேக் பண்ணிட்டு கடைசில "வி ஆர் நவ் அட் டேக் ஆஃப்"னு சொன்னாங்க, விமானம் நகர ஆரம்பிச்சிருச்சு. டவர் அத டேக் ஆஃபுக்கு ரெடியா நிக்கறாங்கன்னு எடுத்துக்கிட்டு "ஓகே"ன்னாங்க, உடனே "ஸ்டாண்ட் பை"யும் சொன்னாங்க, அதே நேரம் பான் ஆம் "நாங்க இன்னும் ரன்வேலதான் இருக்கோம்"னு சொன்னாங்க, ரெண்டும் ஒண்ணா மோதி கேஎல்எம் காக்பிட்ல வெறும் கீச்சு சத்தம். 583 பேர் போயிட்டாங்க. அதுக்கப்புறம்தான் டேக் ஆஃப்ங்கற வார்த்தைய நிஜமா டேக் ஆஃப் க்ளியரன்ஸ் குடுக்கும்போதும் அத ரத்து பண்ணும்போதும் மட்டும்தான் வாயில எடுக்கணும், மத்த நேரமெல்லாம் "டிபார்ச்சர்"னு வந்துச்சு. நீங்க ஹோல்டிங் பாயிண்ட்ல நின்னுக்கிட்டு "ரெடி ஃபார் டிபார்ச்சர்"னு சொல்றீங்களே, அதுக்குப் பின்னாடி இவ்வளவு இருக்கு.

நம்ம நாட்டுலயே சர்க்கி தாத்ரி, 1996 நவம்பர் 12. கசக் விமானத்துக்கு 15,000 அடி, எதிர்ல சவூதி விமானம் 14,000. கசக் விமானம் 14,000க்கு இறங்கி ரெண்டும் வானத்துலயே மோதிருச்சு. அதுல ரேடியோ பேசினது ரேடியோ ஆபரேட்டர், விமானம் ஓட்டினது வேறவங்க, பைலட்டுங்களுக்கு இங்கிலீஷ் பத்தலங்கறதையும் விசாரணை சொல்லுச்சு. 349 பேர், ஒருத்தர் மிச்சமில்ல. ரேடியோவ ஒருத்தர் பாத்துப்பார்னு மத்தவங்க காத மூடிக்கக்கூடாது, இன்ஸ்ட்ரக்டர் பேசும்போதும் நீங்க கேட்டுட்டே இருங்க.

ஸ்டூடண்ட்னு சொல்றதுல கேவலம் என்ன இருக்கு? பிரிட்டன்ல முதல் கால்ல கால்சைனுக்கு முன்னாடியே "ஸ்டூடண்ட்"னு சேத்துச் சொல்லணும்னு முறையே இருக்கு. இங்க ட்ரெய்னிங் விமானம்னு ரெஜிஸ்ட்ரேஷன வச்சே பெரும்பாலும் எங்களுக்குத் தெரியும். ஆனா வேற ஊருக்கு க்ராஸ் கன்ட்ரி போகும்போது அவங்களுக்குத் தெரியாது. "ஸ்பீக் ஸ்லோவர்"னு கேளுங்க, அது முறையான ஃப்ரேஸ்தான். நிமிஷத்துக்கு 100 வார்த்தைக்கு மேல போகக்கூடாதுன்னு எங்களுக்குத்தான் முதல்ல விதி, நாங்கதான் அத காப்பாத்தறதில்ல.

சுபாங்காரன்:
தாத்தா சொன்னதோட எங்க ஊர் கதை ஒண்ணும் சேத்துக்குங்க. 1989 பிப்ரவரி 19, ஃப்ளையிங் டைகர் கார்கோ 747, சிங்கப்பூர்ல இருந்து மலேசியா சுபாங்குக்கு வருது. ஏடிசி சொன்னது "டிசெண்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ", அதாவது 2400 அடி. காக்பிட்ல அத "டு ஃபோர் ஜீரோ ஜீரோ"ன்னு எடுத்துக்கிட்டாங்க, 400 அடி. "ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ"ன்னு திருப்பியும் சொன்னாங்க, அத யாரும் பிடிக்கல. பூச்சோங் பக்கம் மலைல மோதி நாலு பேரும் போயிட்டாங்க. இங்க ஃப்ளையிங் கிளப்ல புதுசா சேர்றவங்ககிட்ட இத சொல்லாம விடமாட்டாங்க லா. ஆல்டிடியூட்னா "டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்"னு முழுசா சொல்லணும், 400 அடின்னு காதுல விழுந்தா அங்க மலை எவ்வளவு உயரம்னு சார்ட்டப் பாக்கணும்.

ஹாம்_மீனா:
நான் பைலட் இல்ல, ஹாம் ரேடியோ ஆளு. டெனரிஃப்ல கேட்டதா சொன்னாங்களே கீச்சு சத்தம், அது ஏன்னு மட்டும் சொல்லிட்டுப் போறேன். விமான விஎச்எஃப் வாய்ஸ் 118ல இருந்து 137 மெகாஹெர்ட்ஸுக்குள்ள, அது இன்னும் ஏஎம்-லதான் ஓடுது. எஃப்எம் தெளிவா இருக்குமே ஏன் மாத்தலன்னு நிறைய பேர் கேப்பாங்க. எஃப்எம்ல ரெண்டு பேர் ஒரே நேரம் பேசுனா பவர் ஜாஸ்தி இருக்கறவர் குரல் மட்டும் சுத்தமா கேக்கும், இன்னொருத்தர் பேசினதே யாருக்கும் தெரியாது. ஏஎம்ல ரெண்டும் மோதி கீச்சுனு வரும், யாரோ குறுக்க பேசிட்டாங்கன்னாவது தெரியும். அதனால அந்தச் சத்தம் கேட்டா சும்மா விட்டுடாதீங்க, அதுக்கடியில உங்களுக்கான செய்தியே இருந்திருக்கலாம், திரும்பக் கேளுங்க. இன்னொண்ணு, ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும், நீங்க பட்டன அமுக்கியிருக்கற வரைக்கும் உங்களுக்கு எதுவும் கேக்காது. "ம்ம்ம்... ஆஆ..."ன்னு யோசிக்கறத பட்டன விட்டுட்டு யோசிங்க.

கும்மோணம்_டிகிரி:
ஒரு சந்தேகம், திட்டாதீங்க. மதுரைல இறங்கற விமானம், பைலட்டும் தமிழ், டவரும் தமிழ். தமிழ்லயே "இறங்குப்பா"ன்னு சொன்னா என்ன குறைஞ்சுடும்?

ஏடிஆர்_அண்ணன்:
உங்களுக்கும் டவருக்கும் ஒண்ணும் குறையாது, பின்னாடி வர்ற சிங்கப்பூர் பைலட்டுக்குத்தான் குறையும். ரேடியோல நமக்குச் சொல்றத மட்டும் கேக்கறதில்ல, மத்தவங்களுக்குச் சொல்றதையும் கேட்டுத்தான் யார் எங்க இருக்காங்கன்னு மனசுல படம் வரைஞ்சுக்கறோம். 2000 மே 25ல பாரிஸ் சார்ல்ஸ் தி கால்ல ஏர் லிபர்ட்டே எம்டி-83க்கு டேக் ஆஃப் க்ளியரன்ஸ் பிரெஞ்சுல போச்சு, அதே ரன்வேல நுழைஞ்ச ஷார்ட்ஸ் 330 கார்கோ விமானத்துக்கு இங்கிலீஷ்ல பேசிட்டு இருந்தாங்க. டவர் கணக்குல ஷார்ட்ஸ் எந்த இடத்துல நிக்குதுங்கறதே தப்பா இருந்துச்சு, ஆனா பக்கத்துல ஒருத்தன் டேக் ஆஃப் ரோல்ல வர்றான்னு ஷார்ட்ஸ் பைலட்டுங்களுக்குக் காதுல விழுந்தும் புரிய வழியில்ல. எம்டி-83 றெக்க காக்பிட்ட கிழிச்சுட்டுப் போயி கோ பைலட் அங்கயே இறந்துட்டார்.

ரத்மலானை_பொடியன்:
நல்ல இழை. நான் யாழ்ப்பாணம், ரத்மலானையில பறந்து பழகினனான். எங்களுக்கும் இதே பயம்தான் இருந்தது. நானும் கூட்டாளி ஒருத்தனும் பின்னேரத்தில ரெண்டு கதிரை போட்டு, முதுகுக்கு முதுகு திரும்பி இருந்து, அவன் டவர், நான் பைலட் எண்டு கதைப்பம். முகம் பாக்கேலாத படியா வாய் அசைவை வைச்சுப் பிடிக்கேலாது, காது மட்டும்தான். அவனுக்குச் சொல்லி வைச்சனான், இடைக்கிட பிழையாச் சொல்லு, ரன்வே நம்பரை மாத்திச் சொல்லு, நான் பிடிக்கிறனோ பாப்பம் எண்டு. பிடிஎஃப் பாடமாக்கிறதால இது வராது.

ஆபத்தில கதைக்கிறதையும் சத்தமாச் சொல்லிப் பழகுங்கோ. 1990 ஜனவரியில நியூயோர்க்கில அவியாங்கா 52 எரிபொருள் முடிஞ்சு விழுந்தது, 73 பேர் செத்தவை. எரிபொருள் முடியுது, முன்னுரிமை வேணும் எண்டெல்லாம் சொன்னவை, "எமர்ஜென்சி", "மேடே" எண்ட சொல் மட்டும் ஒருக்காலும் வரேல்ல. மேடே எண்டு மூண்டு தரம் சொல்ல வெக்கப்படாதேங்கோ, சொல்லிப்போட்டு பிறகு ஒண்டுமில்லை எண்டாலும் பரவாயில்லை.

ஸ்பின்_ரிக்கவரி:
முதுகுக்கு முதுகு மேட்டர் நல்லா இருக்கு, ஒத்துக்கறேன். ஆனாலும் நான் சொன்னது சொன்னதுதான், எக்ஸாமுக்கு ஒரு மாசம் முன்னாடி எல்லாத்தையும் நிறுத்திட்டு மனப்பாடம்தான்.

ரன்வே27:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரூம்மேட்ட பிடிச்சு கதிரை போட்டாச்சு. கடைசியா ஒண்ணு. சோலோல போயிட்டு இருக்கும்போது ரேடியோவே செத்துட்டா? யாருமே பதில் சொல்லலன்னா என்ன பண்றதுன்னு நினைச்சாலே வேர்க்குது.

டவர்_தாத்தா:
முதல்ல விமானத்த ஓட்டு, ரேடியோ அப்புறம். உயரம், வேகம், சர்க்யூட்ல உன் இடம், இது சரியா இருந்தா அவசரமே இல்ல. பெரும்பாலும் ரேடியோ செத்திருக்காது. வால்யூம் குறைஞ்சிருக்கும், ஹெட்செட் ஜாக் லூசா இருக்கும், ஃப்ரீக்வன்சி ஒரு நம்பர் தள்ளியிருக்கும், பழைய ஃப்ரீக்வன்சிக்குப் போய் கூப்புட்டுப் பாக்கலாம், ரெண்டாவது செட் இருந்தா அதுல பாக்கலாம். பட்டன் மாட்டிக்கிட்டு நீயே எல்லார் வாயையும் அடைச்சுட்டு இருக்கியான்னும் பாரு, ட்ரான்ஸ்மிட் லைட் அணையாம எரியுதான்னு. எதுவும் ஆகலன்னா ட்ரான்ஸ்பாண்டர்ல (ரேடாருக்கு நம்பர் அனுப்பற கருவி) 7600 போடு, ரேடியோ போச்சுங்கற கோட் அது. உனக்குக் கேக்காட்டியும் நீ பேசறது எங்களுக்குக் கேக்கலாம், அதனால "ட்ரான்ஸ்மிட்டிங் ப்ளைண்ட்"னு சொல்லி பொசிஷன மட்டும் சொல்லிட்டே வா.

சர்க்யூட்ல சேந்து டவரப் பாரு. நிலையான பச்சை லைட்டுன்னா லேண்ட் ஆகலாம். நிலையான சிவப்புன்னா மத்தவனுக்கு வழி விட்டு சுத்திட்டே இரு. பச்சை விட்டு விட்டு எரிஞ்சா லேண்ட் பண்ண திரும்பி வா, சிவப்பு விட்டு விட்டு எரிஞ்சா ஏர்ஃபீல்ட் பாதுகாப்பா இல்ல, இறங்காத. பகல்ல பாத்துட்டேங்கறதுக்கு றெக்கைய ஆட்டு. சோலோவுக்கு முன்னாடி உங்க இன்ஸ்ட்ரக்டர்கிட்ட சொல்லி ஒருக்கா டவர்ல லைட் அடிச்சுக் காட்டச் சொல்லுங்க, ஆள் ஃப்ரீயா இருந்தா சந்தோஷமா அடிச்சுக் காட்டுவாங்க, வெயில்ல அது எவ்வளவு மங்கலாத் தெரியும்னு பாத்து வச்சுக்கறது நல்லது.